மேசைகளுக்கான அனுமதி

2024 நவம்பர் 14, வியாழக்கிழமை, காலை மணி 7.40. ஈப்போவில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. தந்தையின் உணவகத்தில் அவருடைய அடையாள அட்டையை எடுக்க வந்த ரஸ்னா, இரும்புக் கதவு ஏற்கெனவே தூக்கப்பட்டிருப்பதைக் கண்டு சந்து முனையிலேயே நின்றாள்.

அவள் தந்தை பக்கீர் முகம்மது அன்று விடியற்காலையில் ஜெலாப்பாங் வீட்டில் இறந்திருந்தார். லுஹர் எனும் நண்பகல் தொழுகைக்குப் பின் அடக்கம். அட்டையின்றி அதற்கு அனுமதி கிடைக்காது.

உள்ளே, பக்கத்து மளிகைக் கடைக்காரர் சேவுகன் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார். இரண்டு மேசைகளில் ஆட்கள் இருந்தார்கள்.

"யாரு மாமா கடையத் தொறந்தது?"

"நான்தாம்மா. ரொட்டி இல்ல, தே மட்டும்."

"அத்தாவ இன்னும் குளிப்பாட்டவே இல்ல."

சேவுகன் குவளையைக் கீழே வைத்தார். "என் வீட்டுக்காரி செகப்பி போன அன்னிக்கு என் கடையத் தொறந்தது உங்க அத்தாதான். அங்க பாடை கெளம்புது, இங்க இவரு உளுந்து நிறுத்துக் குடுத்துக்கிட்டு இருக்காரு. எனக்கு வந்த கோவம் கொஞ்சநஞ்சம் இல்ல லா."

கொரோனா கால நடமாட்டக் கட்டுப்பாடு முடிந்தபோது அந்தச் சந்தின் பதினொரு கடைகளில் இரண்டுதான் திறந்திருந்தன. பக்கீர் ஒவ்வொரு வீடாகப் போய் ஒரே விதிக்கு எல்லோரையும் இசைய வைத்தார்: எந்த நாளிலும் எந்தக் கதவும் மூடியிருக்கக் கூடாது, ஒருவரால் முடியாத நாளில் பக்கத்துக்காரர் திறக்க வேண்டும். சமையலறை இருந்தவர்கள் சமைத்தார்கள். இல்லாதவர்கள் மேசை போட்டார்கள். இப்போது பதினொன்றும் திறந்திருந்தன. சந்து முனைப் பதாகையில், அங்கே ஒரு நாளும் தேநீர் குடித்திராத அரசியல்வாதிகள் மூவர், 'மீண்டெழுந்த சந்து' என்னும் எழுத்துகளுக்கு மேல் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வெளியே போடும் மேசைகளுக்கு மட்டும் அனுமதி வரவில்லை. அவற்றைப் பறிமுதல் செய்ய மாநகர மன்றத்தின் அமலாக்க லாரி வந்த மாலைகளிலெல்லாம், எழுபத்தொரு வயதில் பக்கீர் மேசைகளை உள்ளே தூக்கினார். நேற்றும் தூக்கினார்.

ரஸ்னா அட்டையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது, சந்தில் போட்டிருந்த கூடாரத்தின் கீழ் உரிம அலுவலகத்துச் சுரேன் கோப்புடன் நின்றிருந்தான். பக்கத்தில் ஒருவர் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மேசைக்கு அனுமதி குடுக்கிற விழா," என்றார் பின்னால் வந்த சேவுகன். "மூணு தடவ தள்ளிப் போட்டாங்க. இன்னிக்கும் வேணாம்னா இனிமே எப்பவோ. அதான் யாரும் நிறுத்தல."

"ரொம்ப வருத்தம் அக்கா," என்றான் சுரேன். "தலைமை தாங்க இருந்த டத்தோவால வர முடியல. நானே குடுத்துட்டுப் போறேன். ஒரே ஒரு படம்."

"லெட்டரக் காட்டுங்க," என்றாள் ரஸ்னா.

காட்டினான். கையெழுத்துக்கு அருகில் ஆகஸ்டு ஆறாம் தேதி இருந்தது.

"ஆகஸ்டுலயே கையெழுத்தாயிருக்கு."

"ஆமாக்கா. விழா வச்சுத்தான் குடுக்கணும்னாங்க. டத்தோவுக்கு நாள் அமையல."

"மூணு மாசம் மேச லாச்சியில இருந்துச்சு."

"ஃபைல்ல இருந்துச்சு."

"லாரிக்கு மட்டும் நாள் அமைஞ்சுச்சு."

சுரேன் கடிதத்தைக் கோப்பிலிருந்து உருவினான்.

"வாங்கிக்கம்மா," என்றார் சேவுகன் தணிந்த குரலில். "பதினோரு கடைக்கும் சேர்த்துத்தான்."

"கொஞ்சம் மேல தூக்கிப் பிடிங்க," என்றார் கேமராக்காரர்.

சுரேன் கடிதத்தை இரு கைகளாலும் நீட்டினான். ரஸ்னாவின் வலக்கையில் தந்தையின் அடையாள அட்டை இருந்தது. அதைக் கை மாற்றிக்கொள்ளப் போதிய நேரம் இருந்தது. அவள் இடக்கையை நீட்டினாள்.

சுரேன் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு கடிதத்தை அதில் வைத்தான்.