முதல் குழை

ஹார்வி துரை மூன்றாவது முறையும் காட்டில் வழிதவறி எங்கள் வரம்பில் வந்து ஏறியபோது, நான் நெல்லுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. உலக யுத்த காலத்தில் நடுக்கடலில் நின்ற கப்பலில் விமானத்தை இறக்கிப் பதக்கம் வாங்கிய மனிதர் அவர். இப்போது, அறுபத்துமூன்று வயதில், யானைகளை ஆராய்வதற்கென்று ஸ்கந்தபுரத்துக்கு வந்து எங்கள் காணி மூலையில் கொட்டில் போட்டிருந்தார். பதக்கம் சீனி டின்னுக்கு மேலே ஆணியில் தொங்கும்.

"கடலிலை வழி பிடிச்சனீங்கள், இந்தக் காட்டிலை ஏன் தவறுது?"

"கடலிலை மரம் இல்லை, நாகேஸ்வரி அக்கா," என்றார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஊரார் கூப்பிடுவதைக் கேட்டு அவரும் அக்கா என்றே கூப்பிடுவார்.

யானைப்பாதை வண்டிப்பாதையைக் கடக்கும் இடம் எங்கள் காணிக்கு அருகேதான். அதுதான் அவருக்குப் பிடிபடுவதில்லை. அடையாளத்துக்குப் பெயின்ற் பூசினால் மணத்துக்கு யானை விலகிவிடும். அதனால் அங்கே நின்ற பாலை மரத்தின் கவட்டில், இலையோடு முறித்த ஒரு பச்சைக் குழையைச் செருகி வைத்தார். அவர் செய்தது அவ்வளவுதான்.

காட்டுக்குள் இறங்குமுன் குழை முறித்து மரத்தில் வைத்துக் காவல் கேட்பது வன்னி வழக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய எங்களுக்கு அதில் ஊர்க்காரரைவிடப் பக்தி அதிகம், பயமும் அதிகம். விறகுக்குப் போன ஒருவர் துரையின் குழையைக் கண்டு தானும் ஒன்று வைத்தார். மாதம் முடியுமுன் குழை குவிந்துவிட்டது. பிறகு ஒரு கல் வந்தது. கல்லுக்குச் சந்தனம் வந்தது. விசயம் தெரிந்த நானே ஒரு வெள்ளிக்கிழமை கற்பூரம் கொளுத்தினேன். எதற்கும் இருக்கட்டுமே.

என் கவலை வேறு. யானைப்பாதைக்குக் குறுக்கே புதுக் காணிகள் அளக்கப்போகிறார்கள். பாதை அடைபட்டால் யானைகள் என் மூன்று ஏக்கர் நெல்லுக்குள்ளால்தான் குளத்துக்கு இறங்கும். துரை அரசாங்கத்துக்கு நாலு கடிதம் எழுதியும் பதில் இல்லை.

சேவையர் கதிர்காமநாதன் சங்கிலியோடு காணி அளக்க வந்தார். பாலை மரத்தைக் கண்டதும் அவருடைய கோடாலிக்காரர்கள் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டுக் கைகட்டி நின்றார்கள். ஒருவரும் மரத்தைத் தொடவில்லை.

"இதிலை ஆர் சாமி வைச்சது?" என்றார் சேவையர்.

துரைக்குப் பொய் வராது. கண்ணால் சாடை காட்டினேன், அவர் கவனிக்கவில்லை.

"முதல் குழை நான்தான் வைச்சனான்."

போச்சு என்று நினைத்தேன். சேவையர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"சண்டையிலை பிளேன் ஓட்டின நீங்களும் குழை வைச்சிட்டுத்தான் காட்டுக்கை போறியளோ?"

"ஓம். ஆனால்..."

மிச்சத்தைச் சொல்லவிடாமல் தேத்தண்ணிக் கோப்பையைத் துரையின் கையில் திணித்தேன். சேவையர் மெல்ல ஒரு குழையை முறித்து மரத்தில் வைத்தார். "பாதையை விட்டிட்டு அங்கால தள்ளி அளப்பம்," என்று ஆட்களிடம் சொன்னார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

அன்று பின்னேரம் பெரிய யானை ஒன்று பாதையால் வந்தது. நானும் துரையும் வரம்பில் நின்று பார்த்தோம். மேலே இருந்த குழையை, அது சேவையருடையதாகத்தான் இருக்கவேண்டும், இழுத்துத் தின்றது. பிறகு அடுத்ததை. அவசரமில்லாமல் அத்தனையையும் தின்று முடித்து, கல்லை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு குளத்துப் பக்கம் போனது.

துரை ஒன்றும் எழுதாமல் குறிப்புக் கொப்பியை மூடினார். மரத்தடிக்குப் போய் ஒரு பச்சைக் குழையை முறித்தார்.

"அடையாளத்துக்கோ?" என்று கேட்டேன்.

துரை குனிந்து காலில் கிடந்த சப்பாத்தைக் கழற்றினார்.