மேல்தண்ணீரும் அடித்தண்ணீரும்

காத்தாயியின் நாக்கைப் பற்றிப் புங்கவயலில் யாரும் லேசாகப் பேசிவிட முடியாது. குழம்பில் ஒரு கல் உப்பு கூடினால் கண்டுபிடிக்கிற நாக்கு என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வேலையை ஊரிலுள்ள மாமியார்கள் எல்லாருமே செய்கிறார்கள். காத்தாயியின் நாக்கு, ஊருக்குத் தண்ணீர் பார்த்துச் சொல்கிற நாக்கு.

புங்கவயல் மீமிசலுக்கு மேற்கே, நரியோடைக் கரையில் இருக்கிறது. கோடையில் ஓடைக்குள் கடல் ஏறி வந்துவிடும். ஆவணியில் மேற்கே மழை பெய்து வெள்ளம் இறங்கினால், அது உப்பைத் தள்ளிக்கொண்டு போய்க் கடலிலேயே விட்டுவிடும். தள்ளிவிட்டதா, இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லத்தான் காத்தாயி. அவள் சரியென்ற பிறகுதான் மடையைத் திறப்பார்கள். உப்புத்தண்ணீர் ஒருமுறை நாற்றங்காலில் பாய்ந்தால் நாற்று போச்சு. நாற்று போனால் அந்த வருசத்துச் சோறே போச்சு.

இது அந்த வீட்டு மருமகள்களுக்கு வழிவழியாக வந்த பொறுப்பு. மாமியார் பிச்சையம்மாளுக்குப் பிறகு காத்தாயியிடம் வந்தது. தண்ணீர் பார்ப்பதற்கு முந்தின நாள் முழுக்க உப்பில்லாக் கஞ்சிதான். புளி கிடையாது, வெற்றிலை கிடையாது. நாக்கு சுத்தமாக இருக்க வேண்டுமாம். தனியாக உலை வைக்க யாரால் முடியும்? அதனால் அவள் புருசன் ஆண்டியப்பனும் அன்றைக்கு உப்பில்லாக் கஞ்சியைத்தான் குடித்தாக வேண்டும். அதிகம் பேசாத மனுசர், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு குடிப்பார்.

விடிந்ததும் காத்தாயி தலைமுழுகிவிட்டு, மாமியார் கொடுத்த கலயத்தோடு மடைவாசலில் இறங்குவாள். கலயத்தைத் தண்ணீருக்குள் முக்கக் கூடாது. மேலாக வைத்து, மெல்லச் சாய்த்து மொள்ள வேண்டும். புதுத்தண்ணீரைக் கலக்கினால் ஓடை கோபித்துக்கொள்ளும் என்று மாமியார் சொல்லிக் கொடுத்திருந்தாள். மொண்ட தண்ணீரை நாக்கில் உருட்டி விழுங்கிவிட்டு அவள் ‘நல்ல தண்ணி’ என்றால் பெண்கள் குலவை போடுவார்கள். முகத்தைச் சுளித்தாளோ, எல்லாரும் பேசாமல் வீட்டைப் பார்த்துத் திரும்ப வேண்டியதுதான். மலையாண்டி அம்பலம் ஊருக்கே பெரியவர். அவர்கூட அன்றைக்கு அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்தப் பெருமை இருக்கிறதே, அதைக் கழுத்து நிறைய நகை போட்டாலும் ஈடுகட்ட முடியாது என்பது காத்தாயியின் கணக்கு.

அந்தப் பெருமையில்தான் போன வருசம் மண் விழுந்தது. ‘நல்ல தண்ணி’ என்று சொன்னாள், மடையைத் திறந்தார்கள், நாலாம் நாள் நாற்று நுனி மஞ்சளித்தது. அடுத்த வாரம் நாற்றங்கால் மொத்தமும் வைக்கோலாகிவிட்டது. விதை சொத்தை என்றார் அம்பலம். ஐயனாருக்குக் குறை வைத்துவிட்டோம் என்றார்கள் சிலர். மூன்றாம் வீட்டு ராக்காயி மட்டும், ‘விதைக்கு என்ன கேடு, நாக்குக்குத்தான் வயசாகிப்போச்சு’ என்று கிணற்றடியில் சொன்னாளாம். காத்தாயிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அந்தப் பேச்சு அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. இந்த வருசமும் நாற்று போனால் ஊர் விதைநெல்லுக்கு எங்கே போகும், தான் எந்த முகத்தோடு வெளியே நடப்பது என்று நினைத்து நினைத்தே பாதி இளைத்துப்போனாள்.

அவளுக்குச் செவந்தி என்று ஒரே மகள். ஹைஸ்கூலில் படித்தாள். புங்கவயலிலிருந்து பாவாடை தாவணியோடு ஹைஸ்கூலுக்கு நடந்துபோன முதல் பெண்பிள்ளை அவள்தான். பெண்ணைப் படிக்கவைத்து என்ன கலெக்டராக்கப் போகிறாயா என்று கேட்டவர்களுக்கெல்லாம், ‘ஆனா ஆகட்டுமே, ஒனக்கென்ன நட்டம்’ என்று காத்தாயி பதில் கொடுத்திருந்தாள்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் செபமாலை வாத்தியார் விஞ்ஞானச் சங்கம் ஒன்று வைத்திருந்தார். சங்கத்துப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமைதோறும் ஓடைத் தண்ணீரை எடுத்துக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, ஏதோ மருந்தைச் சொட்டுவிட்டுப் பார்ப்பார்கள். உப்பு இருந்தால் வெளுக்கும், உப்பு ஏற ஏற வெள்ளையும் கெட்டியாகும். அந்த மருந்து விரலில் பட்டால் கறுப்பாகக் கறை பிடிக்கும், சீக்கிரத்தில் போகாது. செவந்தியின் விரல் நுனிகள் எப்போதும் கரி அள்ளினமாதிரி இருக்கும். இந்தக் கையை எவன் பிடிப்பான் என்று காத்தாயி வீட்டுக்குள் திட்டுவாள். வெளியில் யாராவது கேட்டால், ‘அது விஞ்ஞானக் கறை, ஒங்க வீட்டுப் பிள்ளைக்கெல்லாம் வராது’ என்று வெட்டிவிடுவாள்.

நாற்று கருகிப்போனதிலிருந்து செவந்திக்கு ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. சங்கத்தில் எல்லாரும் தண்ணீரை மேலாகத்தான் எடுத்தார்கள். அடியிலும் அதே தண்ணீர்தான் இருக்கிறது என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று அவள் கேட்டாள். கேட்டதோடு விடவில்லை. ஒரு சர்பத் பாட்டிலின் அடியில் கல்லைக் கட்டினாள். கட்டுமாவடியிலிருந்து மீன்கூடையோடு வரும் பெண் ஒருத்தியிடம் வலைத் தக்கை ஒன்றை வாங்கிச் செதுக்கி மூடி போட்டாள். பாட்டிலுக்கு ஒரு கயிறு, தக்கைக்குத் தனியாக ஒரு கயிறு. பாட்டிலை அடிவரைக்கும் இறக்கிவிட்டுத் தக்கைக் கயிற்றைச் சுண்டினால் மூடி பிடுங்கிக்கொள்ளும், அடித்தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். கூடப் படித்த குழந்தைசாமிக்கு அதைப் பார்த்ததும், இது நமக்குத் தோன்றவில்லையே என்று வயிறெரிந்ததாம்.

மறு வருசம் ஆவணிக் கடைசியில் வெள்ளம் இறங்கியது. காத்தாயி ஒருநாள் போதாதென்று இரண்டு நாள் உப்பில்லாமல் கிடந்தாள். வெள்ளிக்கிழமை காலையில் தலைமுழுகி, கலயத்தை மேலாக வைத்து மொண்டாள். நாக்கில் உருட்டினாள். இன்னொரு வாயும் குடித்துப் பார்த்தாள். சந்தேகமே இல்லை, இளநீராட்டம் இருந்தது. ‘நல்ல தண்ணி’ என்றாள். குலவை எழுந்தது. சாயங்காலம் ஐயனாருக்குப் பொங்கல் வைத்துவிட்டு மறுநாள் விடிகாலையில் மடையைத் திறப்பது என்று அம்பலம் சொன்னார்.

பள்ளிக்கூடம் விட்டதும் சங்கத்துப் பிள்ளைகள் ஓடைக்கு வந்தார்கள். செவந்தி மடைவாசலில் பாட்டிலை இறக்கினாள். கொஞ்ச நேரத்தில் வீட்டுக்கு ஓடிவந்தாள். காத்தாயி பொங்கலுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். அடித்தண்ணீர் கடல்தண்ணீராக இருக்கிறது, மடையைத் திறக்கக் கூடாது என்று மகள் மூச்சிரைக்கச் சொன்னதும் காத்தாயிக்கு வந்ததே கோபம், களைந்த அரிசி பாதி தரையில் சிந்தியது.

“ஊரு முன்னாடி நான் சொன்ன வாக்கு பொய்யிங்கிறியா? ராக்காயி பேச்சையே நீயும் பேச வந்துட்டியா?”

செவந்தி பயப்படவில்லை. அந்த நெஞ்சழுத்தம் வேறெங்கிருந்தும் வரவில்லை, ஆத்தாளிடமிருந்துதான் வந்தது.

“ஒன் நாக்கு பொய் சொல்லல ஆத்தா. நீ குடிச்சது மேத்தண்ணி. அது நல்ல தண்ணிதான். மடைக்கண்ணு அடியில இருக்கு. அது இழுக்கிறது அடித்தண்ணிய.”

காத்தாயிக்கு அந்தப் பள்ளம் ஞாபகத்துக்கு வந்தது. போன வருசக் கோடையில் ரோட்டுக்கு மேடு போட ஓடையின் மடைவாசலில்தான் மண் வெட்டி எடுத்தார்கள். ஆள் மூழ்கும் பள்ளம். அதற்கு முன் அங்கே முழங்கால் ஆழந்தான் இருந்தது. மேல்தண்ணீரும் அடித்தண்ணீரும் ஒன்றாக இருந்தன. மாமியார் காலத்தில் மேலாக மொண்டது சரியாகத்தான் இருந்திருக்கும். இப்போது வெள்ளம் மேலோடு போய்விட, கனமான உப்புத்தண்ணீர் பள்ளத்துக்குள் அப்படியே படுத்துக் கிடக்கிறது. எல்லாம் நொடியில் புரிந்தது. புரிந்தும் மனசு ஒப்பவில்லை. எழுந்து முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு ஓடைக்கு நடந்தாள்.

பாட்டிலை அவளே இறக்கினாள். கயிற்றை அவளே சுண்டினாள். குமிழி கொப்புளித்து அடங்கியதும் தூக்கி, அந்தத் தண்ணீரை வாயில் வைத்தாள். அடுத்த கணம் துப்பினாள். இரண்டு நாள் உப்பே காணாத நாக்கு அது, சுரீரென்று எரிந்தது. கரையில் நின்ற பையன்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அவள் படிக்கல்லில் உட்கார்ந்தாள். பேசாமல் இருந்துவிட்டால் என்ன? போன வருசம் விதையைக் குற்றம் சொன்ன ஊர், இந்த வருசம் ஐயனாரைக் குற்றம் சொல்லிவிட்டுப் போகும். அவள் வாக்கு பிழைக்கும். ஆனால் ஊர் நாற்று பிழைக்காது. தவிர, இத்தனை பெரிய சங்கதியைத் தான் பெற்ற பெண் கண்டுபிடித்திருக்கிறாள், அதை யாருக்கும் தெரியாமல் மூடிவைப்பதா? அதை நினைத்ததும்தான் அவளுக்கு உடம்பில் தெம்பு வந்தது. செவந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ஐயனார் கோவிலுக்கு நடந்தாள்.

பொங்கல் பானை பொங்கிக்கொண்டிருந்தது, ஊரே கூடியிருந்தது. காத்தாயி நேராக அம்பலத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

“மடையத் தெறக்காதீங்க, அம்பலம். காலையில நான் சொன்னது பாதிதான்.”

அப்படியானால் போன வருசமும் இந்தக் கதைதானா என்று ராக்காயி கேட்டாள். அவள் கேட்காமல் இருந்தால்தானே அதிசயம். காத்தாயி அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஆமா ராக்காயி. வெதையில குத்தமில்ல, சாமியிலயும் குத்தமில்ல. என் வாக்குலதான் போச்சு. அத இன்னைக்குக் கண்டுபிடிச்சது யாருன்னும் கேளு. எம்மக.”

அம்பலத்துக்கு அது பிடிக்கவில்லை. சொன்ன சொல்லை மாற்றுவது நல்லதற்கில்லை என்றார். தண்ணீர் என்ன மாடிவீடா, மேலே ஒன்று கீழே ஒன்று குடியிருக்க என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். செவந்தி, வந்து பார்த்துவிட்டுச் சிரிக்கச் சொன்னாள். ஹைஸ்கூல் பெண் அப்படிச் சொன்ன பிறகு வராமல் இருக்க முடியுமா? பொங்கலை இறக்கி வைத்துவிட்டு மொத்தக் கூட்டமும் ஓடைக்கு வந்தது.

வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. செவந்தி மேல்தண்ணீரை ஒரு குழாயிலும் அடித்தண்ணீரை இன்னொன்றிலும் ஊற்றினாள். குழாய்க்கு இரண்டு சொட்டு மருந்து. மேல்தண்ணீர் லேசாக மங்கியது, அவ்வளவுதான். அடித்தண்ணீர் பால் திரிந்தாற்போல் கட்டி கட்டியாக வெளுத்தது. அம்பலம் குழாயை வாங்கி ஆகாயத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். மருந்து ஏதும் மாயம் செய்கிறதோ என்று அவருக்குச் சந்தேகம். பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைக் கையில் ஊற்றச் சொல்லி வாயில் வைத்தார். உடனே துண்டில் துப்பிவிட்டு, ‘அடி ஆத்தீ’ என்றார். அதற்குமேல் யாரும் சிரிக்கவில்லை.

இனி நாற்றுக்குத் தண்ணீர் ஏது என்று ஒரு கிழவர் தலையில் கை வைத்துக்கொண்டார். காத்தாயி அதற்கு இடம் கொடுக்கவில்லை. மேல்தண்ணீர் நல்ல தண்ணீர் என்று தான் சொன்னதில் பொய் இல்லையே என்றாள். மடைவாசலில் பலகையை அடுக்கி அடியை அடைத்துவிட்டு, மேல்தண்ணீரை மட்டும் பலகைமேல் வழியவிட்டால் என்ன என்று கேட்டாள். ஆண்டியப்பன் அதுவரை பேசாமல் நின்றிருந்தார். வீட்டில் இரண்டு பலகை கிடக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவர் சபையில் பேசியதை ஊர் அன்றைக்குத்தான் கேட்டது.

பலகை போட்டார்கள். விடிகாலையில் தண்ணீர் வழிந்தது, மெல்லத்தான், ஆனால் நல்ல தண்ணீர். தினமும் பள்ளிக்கூடம் போகிற வழியில் சங்கத்துப் பிள்ளைகள் மடையில் நின்று குழாயில் பார்த்துச் சொல்வார்கள். செவந்தி தலையாட்டிய பிறகுதான் வாய்க்காலில் மண்வெட்டி விழும். ஒருநாள் அவள் ‘இன்னைக்கு வேணாம்’ என்று சொல்ல, அம்பலமே மறு பேச்சில்லாமல் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார். அந்த வருசம் நாற்று கரும்பச்சையாக எழுந்து நின்றது. பார்க்க வந்தவர்களையெல்லாம் காத்தாயி வரப்பில் நிறுத்தி, முதலில் நாற்றைக் காட்டுவாள், அப்புறம் மகளின் கறுப்பு விரலைக் காட்டுவாள்.

அடுத்த வருசம் ஆவணி வந்தது. வெள்ளமும் இறங்கியது. மறுநாள் தண்ணீர் பார்க்க வேண்டும். அன்றைக்கு மத்தியானம் காத்தாயி வீட்டிலிருந்து வாளைக் கருவாட்டுக் குழம்பு வாசம் தெருவைத் தூக்கியது. ராக்காயி பதறி ஓடிவந்தாள். அடுப்படியில் காத்தாயியும் ஆண்டியப்பனும் எதிரெதிரே உட்கார்ந்து, சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார்கள். அந்த மனுசர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

“என்ன மதினி, நாளைக்குத் தண்ணி பாக்கணும், நீ பாட்டுக்குக் கருவாடு திங்கிறியே?”

“நானா பாக்கப்போறேன்?” என்றாள் காத்தாயி. “எம்மக பாப்பா. இங்கிட்டு வந்து ஒக்காரு, ஒரு வாய் சாப்பிடு.”

ராக்காயிக்கு ஓடிப்போய் நாலு பேரிடம் சொல்வதா, உட்காருவதா என்று தெரியவில்லை. குழம்பு வாசம் உட்கார வைத்துவிட்டது. காத்தாயி அவளுக்கு இலை போட்டாள். அப்படியே எட்டி, மகளின் பாட்டிலும் குழாய்களும் இருந்த பெட்டியைச் சுவரோரமாகத் தள்ளி வைக்கக் கையை நீட்டினாள்.

“ஆத்தா, உப்புக் கையோட அதத் தொடாத,” என்றாள் வாசலில் நின்ற செவந்தி. “ஒரு சொட்டு பட்டாலும் நாளைக்குக் கணக்கு தப்பிப்போகும்.”

காத்தாயி கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். மாமியார் போட்ட உத்தரவுக்குப் பிறகு உப்பு விசயத்தில் அவளுக்கு யாரும் உத்தரவு போட்டதில்லை. ராக்காயி பக்கம் திரும்பி, “கேட்டுக்கிட்டியா?” என்றாள். எழுந்துபோய்க் கையை இரண்டு முறை தேய்த்துக் கழுவிவிட்டு வந்து, பெட்டியைத் தூக்கி மாமியாரின் கலயம் இருந்த மாடத்தில் வைத்தாள்.