தொண்ணூற்றொன்பது என்று சொன்ன மாமி

...தொண்ணூற்றொன்பது என்றுதானே காட்டியது ஆஸ்பத்திரியில் அம்ருதாவின் விரலில் மாட்டிய அந்த ஆக்ஸிஜன் கிளிப்பு, தன் கண்ணாலேயே பார்த்தாளே அனந்தலக்ஷ்மி மாமி, பார்த்த கையோடு மட்டாஞ்சேரி முழுக்க போன் போட்டு, "நூத்துக்குத் தொண்ணூத்தொம்போதாக்கும், பயப்பட ஒண்ணுமில்லே" என்று சொல்லியுமாயிற்று, திருப்பூணித்துறை மன்னிக்குக்கூட... இப்போது டாக்டர் மஞ்சுஷா வந்து, கரிப்புகை விஷத்துக்கும் ஆக்ஸிஜனுக்கும் அந்தக் கிளிப்புக்கு வித்தியாசம் தெரியாது, ரத்தத்தில் முப்பத்தாறு சதவீதம் விஷம் என்கிறாள். எல்லாருக்கும் மறுபடி போன் போட்டுத் திருத்த வேண்டுமா? சீ, இதுவா இப்போது கவலை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்ருதா, எதிர்வீட்டு சங்கர்ராமின் பெண்டாட்டி, பெற்றுப் பதினாறு நாள்தான் ஆகிறது, பை தொங்கும் முகமூடிக்குள் மூச்சு விட்டுக்கொண்டு கிடக்கிறாள். பை சுருங்குகிறது, உப்புகிறது, சுருங்குகிறது... நின்றுவிட்டதோ? இல்லை, உப்பிவிட்டது.

யார் கண்டார்கள், அடைமழை, குழந்தைத் துணி ஒன்றும் காயவில்லை, பெற்ற உடம்புக்குக் குளிர் ஆகாது, குளித்த தலைக்கு சாம்பிராணி வேண்டும், எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கும்மட்டி நிறைய சிரட்டைக் கரி, எந்த வீட்டில்தான் வைக்கவில்லை, மாமியின் மூன்று பிரசவத்துக்கும் வைத்ததுதான்... ஆனால் அது ஓட்டு வீடு, இடுக்கெல்லாம் காற்று, இது கான்கிரீட் அறை. ஆபீஸ் போகும்போது சங்கர்ராம் ஜன்னலை ஒரு சாண் திறந்து வைத்துவிட்டுத்தான் போனான். பிறகு அடைத்தது யார்? குளிருக்காக என்று சொல்லிக்கொள்ளலாம், கேட்டால். குளிருக்காகவா? ஜன்னலுக்கு நேரே ஷீஜாவின் அடுக்களை, ஷீஜா நின்று மீன் கழுவுகிறாள், மாமிக்கோ அந்த ஷீஜா புருஷனோடு சண்டை போட்டுச் சுள்ளிக்கல்லில் அம்மா வீட்டில் பத்து நாள் இருந்த கதையை அம்ருதாவிடம் சொல்லியாக வேண்டும், நாக்கு நுனியில் வந்து நிற்கிறது, அடைத்தாள். கதை முடிந்தது. மூக்கு யார் ஜாடை என்று பக்கத்து வீட்டு மீனாக்ஷியிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள், ஒரு மூக்குக்கு ஒன்றரை மணி நேரம். திரும்பி வந்தால் அம்ருதா கன்னம் சிவக்கத் தூங்குகிறாள், லேகியம் உடம்பில் பிடித்துவிட்டது என்று சந்தோஷம் வேறு... தட்டினால் எழுந்திருக்கவில்லை.

அலறல் கேட்டு முதலில் ஓடி வந்தது யார், ஷீஜா. மீன் கையோடு ஜன்னலைத் திறந்து, அம்ருதாவை வாரித் தூக்கி ஆட்டோவில் போட்டதும் அவளேதான். இப்போது காகிதக் கப்பை நீட்டிக்கொண்டு நிற்கிறாள், "சாயா குடிக்கு மாமி, நிங்களாணு குழந்தையை ரக்ஷிச்சது." மாமி வாங்கிக்கொண்டாள். போதாததற்கு சங்கர்ராம் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க மட்டும் குழந்தையைத் தூக்கிண்டு போகலேன்னா, மாமி... நான்தான் ஜன்னலைச் சரியா திறந்து வெக்கலே போலிருக்கு" என்று விம்முகிறான். இல்லேடா, என்று வாய் வரை வந்தது, ஊர்க்கதை எல்லாம் சறுக்கிக்கொண்டு வரும் வாய், இது மட்டும் ஏன் மாட்டிக்கொள்கிறது... "அழாதேடா, ஆம்பளைப் பிள்ளை" என்றாள்.

மஞ்சுஷா மறுபடி வந்தாள். முழு ஆக்ஸிஜன் வேலை செய்கிறது, விஷம் பதினொன்றுக்கு இறங்கிவிட்டது, கண் திறந்தாள், பேர் கேட்டால் சொல்கிறாள். ஆனால் காலையில் நடந்தது எதுவும் தெரியவில்லை, அது திரும்பி வராமலும் போகலாம், மறதி சில வாரம் கழித்துப் புதிதாகவும் வரலாம், பார்த்துக்கொள்ள வேண்டும். சங்கர்ராமின் முகம் விழுந்தது. மாமிக்கோ நெஞ்சிலிருந்து ஒரு அப்பாடா... எதற்கு? பிழைத்தாளே, அதற்குத்தான், வேறெதற்கு? அதற்கு மட்டும்தானா? "மாமி, உங்க வாயால பகவதியை வேண்டிக்கோங்கோ, அவளுக்கு எல்லாம் ஞாபகம் வரணும்" என்றான் சங்கர்ராம். கை கூப்பினாள். பகவதீ, என்று ஆரம்பித்தாள், அவளுக்கு... அவளுக்கு... அடுத்த வார்த்தைக்காக சங்கர்ராமும் ஷீஜாவும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.