ஜூன் மாதத்துக் குட்டிக்குரல்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைதோவில், எங்கள் ஊர்ப் பொதுக் குளியல்கூடத்தில், வெந்நீரில் கழுத்துவரை அமிழ்ந்தபடி வேட்டைக்காரர் கெங்கோசான் (‘சான்’ இங்கே மரியாதைக்குச் சேர்ப்பது) சொன்னது. சொல்லி முடித்துவிட்டு, "கதை விடுறவருதானே நீங்க? இதையும் எழுதுங்க. முடிவை மட்டும் மாத்திடுங்க," என்றார்.

2

முதல் தொடக்கம்: "மலைச்சரிவெங்கும் ஜூன் மாதப் பொன்னொளி பரவி..."

அடித்துவிட்டேன். ஜூனில் பெண்மான்கள் குட்டி போட்டிருக்கும். குட்டியைப் புல்லுக்குள் ஒளித்துவிட்டு மேயப் போகும். அதைச் சொல்லாமல் பொன்னொளியைப் பற்றிப் பேசுவது அயோக்கியத்தனம்.

3

ஃபுமியே வருகிறாள். பூசணித் தோட்டக்காரி. முதலில் அவளைப் பேராசைக்காரியாக எழுதினேன். (வில்லி ஒருத்தி இருந்தால் எழுதுவது சுலபம்.) உண்மையில், போன வருடம் மான்கள் மேய்ந்த நஷ்டத்தில் பாதி நிலத்தை விற்றவள். பயிரைக் காக்க, வேட்டைப் பருவம் இல்லாத காலத்திலும் மான்களைச் சுடலாம் என்று நகராட்சி அனுமதி கொடுத்திருந்தது.

கெங்கோசானிடம் மானை வரவழைக்கும் சின்னக் குழல் ஒன்று உண்டு.

"குட்டி கத்துற மாதிரி ஊதுங்க. தாய் ஓடி வந்துடும்."

"இந்த மாசத்துல அப்படி ஊத மாட்டோம், ஃபுமியேசான். எங்க வேட்டைக்காரக் கூட்டத்துல வழக்கமில்ல."

"என் தோட்டத்துல வாய் வைக்கும்போது அது மாசம் பாத்தா வைக்குது? நல்ல ஆளுதான் போங்க!"

ஊதினார். வந்தது. சுட்டார். மடியில் பால் கட்டியிருந்தது.

4

[குறி தவறியதாக ஒரு முடிவு எழுதிக் காட்டினேன். கெங்கோசான் வேண்டாமென்று தலையை ஆட்டினார். "சுட்டது சுட்டதுதான். குட்டியக் கண்டுபிடிச்சுக் குடுங்க, போதும்."]

அன்று இருவரும் புல்லை விலக்கி விலக்கித் தேடியிருக்கிறார்கள். "இன்னொரு தரம் ஊதுங்களேன்," என்று ஃபுமியே அழுதிருக்கிறாள். அவருக்கு ஊதத் தெரிந்தது குட்டியின் குரல். குட்டி எழுந்து வருவது தாயின் குரலுக்கு.

5

குட்டியை எந்தப் புதரில் வைக்கலாம் என்று எனக்குத் தெரியும். ஒரு வரி போதும். ஆனால் பால்குடி மறக்காத குட்டி தாயில்லாமல் பிழைக்காது. பட்டினியில் சாக விடாமல் சுட்டுவிடுவதுதான் வேட்டைக்காரர்கள் முறை. துப்பாக்கி இன்னும் அவர் தோளில்தான் இருக்கிறது. இதெல்லாம் தெரிந்துதான் கேட்கிறீர்களா என்று அவரிடம்...

கேட்கவில்லை. தைரியம் வரவில்லை.

நான் வரப்பிலேயே நின்றுகொள்கிறேன், வருத்தமாகத்தான் இருக்கிறது. நீங்கள் புல்லுக்குள் இறங்குங்கள். குட்டி கண்ணில் பட்டால், அவரைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.