உள்ளே போனவர் ஆசென்

சைரன் அலறியது. ஷிப்ட் மாற இன்னும் மூன்று மணி நேரம் இருந்ததால், அது ஆபத்துச் சைரன் என்று நெய்வேலியில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

அழுத்தியவர் சுரங்க வாசல் காவலர் கருப்பசாமி. இருபது வருஷ கான்ட்ராக்ட். திங்கட்கிழமை பர்மனென்ட் ஆர்டர். இந்த நேரம் பார்த்து வெளிநாட்டுக்காரர் ஒருவர் தொலைந்தால், ஆர்டரும் கூடவே தொலையும்.

"நேத்து காலைல ஆசென்னு ஒருத்தர் உள்ள போயிருக்காரு. இன்னும் வெளிய வரல," என்றார், ஓடி வந்த பயிற்சி இன்ஜினியர் பவித்ராவிடம்.

எல்லோரும் இறங்கினார்கள். ராட்சத இயந்திரத்தைப் பழுது பார்க்க பல்கேரியாவிலிருந்து வந்திருந்த ஹசனும் இறங்கினார். பாவம், ஆள் யாரென்று தெரியாமலே மண்மேடு மண்மேடாக ஏறிக் கத்தினார். இரண்டு மணி நேரத்தில் ஓர் ஆடும், போன தீபாவளிக்குத் தொலைந்த டிபன் கேரியரும் கிடைத்தன.

வாசலுக்குத் திரும்பியதும் பவித்ரா நோட்டைப் புரட்டினாள்.

"அண்ணே, ஹசன் சார் நேத்து சாயந்திரம் வெளிய போயிருக்காரு. உள்ள வந்ததா எழுதவே இல்லையே?"

"உள்ள வராதவரு வெளிய போனா நமக்கு இன்னாம்மா நஷ்டம்? போவட்டும். காலை ஷிப்ட் ஆளு வாங்கி வச்ச ஜெராக்ஸ் இந்தா இருக்குது. இந்த ஆளைத்தான் தேடிக்கினு இருக்கோம்."

அது ஒரு பழைய தொழிற்பள்ளிச் சான்றிதழ். போட்டோவில் பதினெட்டு வயசுப் பையன், தலை கொள்ளாத முடி.

ஹசன் அதைப் பார்த்தார். மெதுவாக ஹெல்மெட்டைக் கழற்றினார். பளபளவென்று வழுக்கை.

"நான்தான்," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுச் சிரித்தார். பாஸ்போர்ட்டை விடுதியில் வைத்துவிட்டு, நேற்றுக் காலை இதைக் காட்டி நுழைந்திருக்கிறார்; சாயந்திரம் ஹசன் என்று எழுதிவிட்டு வெளியே போயிருக்கிறார்.

மிச்சத்தைப் பவித்ரா மொழிபெயர்த்தாள். அவர் ஊரில் எல்லோரும் துருக்கி மொழி பேசும் முஸ்லிம்கள், நாட்டில் சிறுபான்மை. அவர் சின்ன வயசில் போலீசோடு அதிகாரிகள் வந்து, ஒரு பட்டியலை நீட்டி, ஆளுக்கொரு பல்கேரியப் பெயரைப் பொறுக்கச் சொன்னார்கள். ஹசன் ஆசென் ஆனார். பொண்டாட்டிகள் காகிதத்தைப் பார்த்துத்தான் புருஷனைக் கூப்பிட்டார்களாம். சில வருஷம் கழித்துப் பெயர்கள் திரும்பி வந்தன. சான்றிதழ் மட்டும் ஆசெனாகவே நின்றுவிட்டது.

கருப்பசாமி நோட்டை நீட்டினார். 'ஆசென் வெளியே' என்று ஹசன் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

"ஊரையே கூட்டிட்டேன், மன்னிச்சுக்கச் சொல்லும்மா."

ஹசன் சொன்ன பதிலைப் பவித்ரா தமிழில் சொன்னாள்.

"எங்க ஊர்ல ஒரே வாரத்துல முன்னூறு பேர் இப்படிக் காணாமப் போனோம், சைரன் அடிச்சது நீங்க ஒருத்தர்தான்னு சொல்றாருண்ணே."