போன்மா

கடலுக்குப் போகலாம் என்று ஆரம்பித்து வைத்தவள் பெரியவள்தான். ஒரு படகை நாள் முழுக்கப் பேசிக்கொள்வது, தீவைச் சுற்றி மூன்று இடங்களில் இறங்குவது, முதல் இடத்தில் வாயில் குழாயைக் கடித்துக்கொண்டு குப்புற மிதந்து மீன் பார்ப்பது, எல்லாம் அவள் போட்ட திட்டம். தங்கைக்குக் கடல் என்றாலே குமட்டும். தங்கை புருஷனுக்கு ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் போச்சே என்று கவலை. இருந்தாலும் இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. வருஷக்கணக்காக வெளிநாட்டில் கிடந்துவிட்டு வந்தவள் ஆசையாக ஒன்று கேட்கிறாள், முடியாது என்று எந்த முகத்தோடு சொல்வது?

மீனும் கடலும் சாக்கு. அவளுக்கு வேண்டியது பட்டாணி.

பட்டாணி அவள் பெற்ற பெண். ஏழு வயசு. உருண்டை முகத்தைப் பார்த்து யாரோ கூப்பிட்ட பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. தகப்பன் என்று ஒருத்தன் இருந்தான். குழந்தைக்குப் பல் முளைக்கும் முன்னே சொல்லாமல் கொள்ளாமல் போனான். அவனைப் பற்றி இதற்கு மேல் பேசினால் நம் வாய்தான் நாறும். கைக்குழந்தையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, பெரியவள் வெளிநாட்டில் ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் வேலைக்குப் போனாள். படுக்கை விரிப்புகளை ஆவி இஸ்திரியில் விட்டு எடுக்கிற வேலை. வேலை முடிந்ததும் தினமும் போன். பட்டாணி பேசக் கற்றதே அந்தப் போனில்தான். தூக்கி வளர்த்தவளைச் 'சித்தி' என்றது. போனுக்குள் இருந்தவளைப் 'போன்மா' என்றது. கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள், பெரியவளும் சேர்ந்துதான் சிரித்தாள்.

போனில் அதற்கு வாய் ஓயாது. "நீ சாப்பிட்டியா? நீ என்ன டிரெஸ் போட்டிருக்கே? நீ எப்ப வருவே?" என்று ஒரே நீ, நீ, நீதான். "வந்துட்டே இருக்கேன்டா கண்ணு" என்பாள் பெரியவள். ஒவ்வொரு ராத்திரியும் அதே பதில்தான்.

ஒருவழியாக வந்தும் சேர்ந்தாள். வாசலில் பெட்டியோடு நின்றவளைப் பட்டாணி அண்ணாந்து பார்த்தது. சித்தியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "வாங்க" என்றது.

அன்றிலிருந்து எல்லாம் மரியாதைதான். "உங்களுக்குத் தண்ணி வேணுமா?" "இது உங்க துண்டா?" வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுகிற பேச்சு. தெருநாயோடுகூட மணிக்கணக்கில் வாயாடுகிற பெண், பெற்றவளிடம் பல்லைக் கடித்துக்கொண்டு 'நீங்க' போட்டது. அடித்திருந்தால்கூடப் பெரியவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

லீவு முடியப் போகிறது. திரும்பி வருகிறாயா இல்லையா, ஞாயிறு சாயங்காலத்துக்குள் சொல், உன் இடத்துக்கு ஆள் காத்திருக்கிறது என்று ஹோட்டல் சூப்பர்வைசர் செய்தி அனுப்பியிருந்தார். பதில் போடாமல் இழுத்துக்கொண்டிருந்தாள். பட்டாணி ஒட்டிக்கொண்டால் இங்கேயே இருந்துவிடலாம், பக்கத்துத் தெருவில் ஒரு வீடு பார்க்கலாம். ஒட்டாவிட்டால் யாருக்காக இருப்பது? அதற்குத்தான் இந்த ஒரு நாள்.

படகுத்துறையில் படகைக் காணோம். தங்கை புருஷன் போன் போட்டார். அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர், ஊருக்கே மாஸ்டர்.

"என்ன சொல்றான்?" என்றாள் சின்னவள்.

"வந்துட்டே இருக்கானாம். அப்படின்னா இன்னும் போர்வையை விட்டே எழுந்திரிக்கலைன்னு அர்த்தம். என்கிட்ட கத்துக்க வர்ற அத்தனை பேரும் இதையேதான் சொல்றானுங்க."

பட்டாணி விழுந்து விழுந்து சிரித்தது. பெரியவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒருவழியாகப் படகு வந்தது. பவளப்பாறை இருக்கும் இடத்தில் நிறுத்தி, எல்லோருக்கும் ஒரே மாதிரி கறுப்பு முழுக்கைச் சட்டை, ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட், முகத்தை மூடும் கண்ணாடி, குழாய் என்று எடுத்துக் கொடுத்தார் படகுக்காரர். அக்கா தங்கை இருவரும் ஒரே உயரம், ஒரே உடம்பு. மாஸ்டர் பெரியவளின் தோளைத் தட்டி, "ஏய், முட்டையை வெயில்லயா வச்சே?" என்றார். அவள் திரும்பி முறைத்ததும், "ஐயையோ, அக்கா நீங்களா!" என்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பட்டாணி சித்தியின் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் தண்ணீரில் இறங்கியது. "ஸ்டியரிங்கை இறுக்காதே, லூசா விடு, லூசா விடு" என்று மேலே இருந்து கத்தினார் மாஸ்டர். கண்ணாடியை மாட்டி, குழாயைக் கடித்து, முகத்தை உள்ளே விட்டதும் அது மற்றதையெல்லாம் மறந்துவிட்டது. பெரியவள் கொஞ்சம் தள்ளி மிதந்தாள். கீழே மஞ்சளும் நீலமுமாக என்னென்னவோ போயின. அவள் எதையும் பார்க்கவில்லை.

அப்போது ஒரு சின்னக் கை வந்து அவள் கையைப் பிடித்தது.

சும்மா தொட்டுவிட்டுப் போகிற பிடி இல்லை. விரலுக்குள் விரலைக் கோத்துக்கொண்டு, அங்கே பார் என்று இழுத்தது பட்டாணி. பாறை இடுக்கிலிருந்து ஒரு நீல மீன் வெளியே வந்து உள்ளே போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச தூரத்தில் தரை சட்டென்று இறங்கி இருட்டாக இருந்தது. அதைப் பார்த்துப் பயந்து அவள் தோளோடு ஒட்டிக்கொண்டது. பெரியவள் அந்தக் கையை விடவே இல்லை. வாயில் குழாய் இருந்ததால் அங்கே 'நீ'யும் இல்லை, 'நீங்க'வும் இல்லை. அழுதாள். கண்ணாடிக்குள்ளேயே கண்ணீர் தேங்கி மீனெல்லாம் கலங்கிப் போயின.

படகுக்காரர் விசில் அடித்தார். மாஸ்டர் பட்டாணியை முதலில் தூக்கிப் படகில் போட்டுத் துண்டால் தலையை மூடினார். பெரியவள் ஏறும்போது மகள் சின்னவளின் மடியில் சுருண்டிருந்தது. இருக்கட்டும், பழக்கதோஷம், என்று நினைத்துக்கொண்டாள். தலையைக்கூடத் துவட்டாமல் போனை எடுத்து, "நான் திரும்பி வரவில்லை. இங்கேயே இருக்கப் போகிறேன்" என்று சூப்பர்வைசருக்கு எழுதித் தட்டினாள். கடலில் டவர் இல்லை. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. டவர் வந்தால் தானே போய்விடும் என்று போனைப் பைக்குள் போட்டாள். கல்யாணத்துக்குக் கிளம்புகிறவள் மாதிரி மனசு துள்ளியது.

இரண்டாவது இடத்தில் மர நிழலில் ரொட்டியும் அவித்த முட்டையும் பிரித்தார்கள். பட்டாணி வாய் நிறைய ரொட்டியோடு கேட்டது:

"சித்தி, உன் கை ஏன் அவ்வளவு சொரசொரன்னு ஆயிடுச்சு?"

"எப்போடி?"

"கடலுக்குள்ள. ஆனா டைட்டா பிடிச்சுக்கிட்டே. அதான் எனக்கு பயமே வரல."

சின்னவள் முட்டை உரிப்பதை நிறுத்தினாள். அவள் தண்ணீரில் இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே குமட்டி, படகின் அந்தப் பக்கமாக ஏறி வாந்தி எடுத்துவிட்டுப் படுத்தவள். மெதுவாக அக்காவைப் பார்த்தாள். சொல்லாதே என்று பெரியவள் தலையை ஆட்டினாள்.

"உப்புத் தண்ணியில ஊறிடுச்சுடி" என்றாள் சின்னவள்.

"நீ எங்கே தண்ணியில இருந்தே? நீதான் உடனே ஏறி வந்து வாந்தி..." என்று ஆரம்பித்த மாஸ்டர், பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்துப் பாதியில் விழுங்கினார். மனுஷனுக்குப் பிரேக் எப்போதும் லேட்டாகத்தான் பிடிக்கும்.

பட்டாணி ரொட்டியைக் கீழே வைத்தது. பெரியவளின் கைகளைப் பார்த்தது. ஆவியில் வெந்து வெந்து உள்ளங்கை காய்த்துத் தடித்துப்போன கைகள். அவற்றை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள் அவள்.

"நீங்களா?"

"ஆமாடா."

குழந்தையின் முகம் சிவந்துவிட்டது. "சாரி" என்றது. "தெரியாம பிடிச்சுட்டேன். சித்தின்னு நினைச்சேன்."

பாவம், அதற்கு என்ன தெரியும்? பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்த மரியாதை. பெரியவள் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். "பரவாயில்லடா, சாப்பிடு" என்றாள். முட்டையில் உப்புப் போதவில்லை என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் அவசர அவசரமாக உப்பைத் தேடினார்கள்.

படகு மூன்றாவது இடத்துக்கு வளைவில் திரும்பும்போதுதான் அவளுக்கு அந்தச் செய்தி ஞாபகம் வந்தது. அழித்துவிடலாம், திரும்பிப் போய்விடலாம் என்று பையை இழுத்து, துண்டுக்கும் செருப்புக்கும் நடுவே கையை விட்டுத் துழாவினாள். போன் கையில் தட்டுப்படும் முன்பே உள்ளே 'டிங்' என்றது. கரை நெருங்கியதும் டவர் கிடைத்து, செய்தி போய்விட்டிருந்தது. எடுத்துப் பார்த்தபோது சூப்பர்வைசரின் பதிலும் வந்திருந்தது: சரி, உங்கள் இடத்தைக் கொடுத்துவிட்டேன், நல்லா இருங்க.

நல்லா இருக்கணுமாம்! அங்கே வேலையும் போச்சு. இங்கே பிள்ளையும் இல்லை.

மூன்றாவது கடற்கரையில் யாரும் தண்ணீரில் இறங்கவில்லை. மேகம் கட்டிக்கொண்டு வெளிச்சம் மங்கியது. பெரியவள் தள்ளிப் போய் மணலில் உட்கார்ந்தாள். சின்னவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, குழந்தைதானே. போகப் போக சரியாயிடும்."

"உன் மேல எனக்குக் கோவம் இல்லடி."

"தெரியும்."

"இருக்கு. ஆனா உன் மேல இல்ல."

சின்னவள் எழுந்து போனாள். எதிரே, கூப்பிடு தூரத்தில், பட்டாணி சித்தியின் போனில் விளையாடிக்கொண்டிருந்தது. ஏன் செய்தாள் என்று கேட்டால் பெரியவளுக்கே தெரியாது. தன் போனை எடுத்து அந்த எண்ணுக்குக் கூப்பிட்டாள்.

மணி அடித்தது. பட்டாணி திரையைப் பார்த்தது. தலையைத் தூக்கி, மணலில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தது. பிறகு அவளுக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்துகொண்டு போனைக் காதில் வைத்தது.

"போன்மா!"

அந்தப் பழைய குரல்.

"என்னடா பண்றே?"

"நாங்க கடலுக்கு வந்திருக்கோம். நீ சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். கடல்ல என்ன பார்த்தே?"

"நீல மீன். அப்புறம் ஒருத்தங்க என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க."

"யாருடா அது?"

பட்டாணி கொஞ்சம் யோசித்தது. "உனக்குத் தெரியாது. நம்ம வீட்டுக்கு வந்திருக்காங்க. நல்லவங்கதான்." மணலில் விரலால் ஏதோ கிறுக்கிக்கொண்டே கேட்டது: "நீ எப்ப வருவே?"

பெரியவள் அந்தச் சின்ன முதுகையே பார்த்தாள்.

"வந்துட்டே இருக்கேன்டா கண்ணு."

"ஐயே, அப்படின்னா நீ இன்னும் போர்வையை விட்டே எழுந்திரிக்கல!" என்று பட்டாணி கடகடவென்று சிரித்தது.

சிரிப்பு முதலில் காற்றில் வந்தது. கொஞ்சம் பிந்திப் போனிலும் வந்தது. பெரியவள் போனைத்தான் காதோடு அழுத்திக்கொண்டாள்.