நாலாவது செடி

எக்கார்ட் நாலு விதை ஊற வைத்தார். அதுதான் அவர் செய்த தப்பு.

ஒரு ஆளுக்கு மூன்று கஞ்சாச் செடி வரை வீட்டில் வளர்க்கலாம் என்று ஜெர்மனியில் சட்டம் வந்திருந்தது. நாலு போட்டால் ஒன்றாவது அழுகிவிடும் என்று விதை விற்றவன் சொன்னதை அவர் நம்பினார். ஒன்றும் அழுகவில்லை. ஈரக் காகிதத்துக்குள் நாலும் வால் விட்டு, நாலும் தொட்டியில் தலை நீட்டி, விளக்கு வெளிச்சத்தில் இரண்டிரண்டு இலையை விரித்துக்கொண்டு அவரையே பார்த்தன.

வேறு யாராவது என்றால் ஒன்றைக் கிள்ளிப் போட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போயிருப்பார்கள். இல்லை, நாலையும் வளர்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பார்கள். எக்கார்டால் இரண்டும் முடியாது. காசெல் நகரத்துத் தெருக்களில் தப்பான இடத்தில் நின்ற வண்டிகளுக்கெல்லாம் அபராதச் சீட்டு எழுதி ஓய்வு பெற்றவர். சொந்த அக்காவின் காருக்கும் எழுதியவர். பூங்காவில் புகை விட்ட பையன்களைத் துரத்தித் துரத்தியே முழங்கால் தேய்ந்தவர், இப்போது எதற்காகக் கஞ்சா வளர்க்கிறார் என்று கேட்டால், "சட்டமே சரின்னு சொன்னப்புறம் தப்புன்னு சொல்ல நான் யாரு?" என்பார். அந்த முழங்கால் குடைச்சல் கொஞ்சம் அடங்குமா என்று பார்க்கவும் ஓர் ஆசை. அதை வெளியே சொல்ல மாட்டார்.

தன் சிநேகிதி ரோஸ்வீட்டாவையே அவர் ஒரு அபராதச் சீட்டில்தான் சம்பாதித்தார். அவள் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள். பழக வந்த பெண் ஒருத்தி சைக்கிள் பாதையில் காரை நிறுத்திவிட, இவர் சீட்டு எழுத, ரோஸ்வீட்டா இறங்கி வந்து போட்ட சண்டை அப்படியே காப்பிக் கடை வரைக்கும் போனது. அதற்கப்புறம் பல வருஷம் ஓடிவிட்டது. சனிக்கிழமை ஒரு பையோடு வருவாள். ஞாயிறு சாயங்காலம் காப்பியும் கேக்கும் முடிந்ததும் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய்விடுவாள். இங்கேயே இருந்துவிடு என்று சொல்ல எத்தனையோ ஞாயிறு அவருக்கு நாக்கு நுனி வரை வந்ததுண்டு. அதற்குள் கை அவளுடைய கோட்டை எடுத்துக் கொடுத்திருக்கும்.

அந்தச் சனிக்கிழமை உருளைக்கிழங்கு சாலடைப் பரிமாறிக்கொண்டே தொண்டையைச் செருமினார்.

"ரோஸ்வீட்டா, நீ இந்த விலாசத்துக்குக் குடி வந்து பதிஞ்சுக்கிட்டா, சட்டப்படி இங்க ஆறு செடி வைக்கலாம்."

அவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "என்னது?"

"நாலாவது செடிக்கு ஆள் இல்ல."

"ஏன்யா, இத்தன வருஷத்துல என் டூத் பிரஷ்ஷுக்கு ஒரு இடம் ஒதுக்காத ஆளு நீ. இப்ப ஒரு செடிக்கு அம்மா வேணும்னு என்னைக் குடி வரச் சொல்றியா?"

"டூத் பிரஷ் விஷயம் நீ கேக்கவே இல்லையே."

"கேட்டு வாங்கற சமாச்சாரமாய்யா அது?" சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "சரி, வரேன். என் செடி இருக்கிற வரைக்கும் இருப்பேன். அது போச்சுன்னா நானும் போயிடுவேன். சம்மதமா ஆபீசரே?"

"சம்மதம்" என்றார் எக்கார்ட்.

அவள் சொன்னது விளையாட்டுக்கு. ஆனால் விளையாட்டுப் பேச்சை விளையாட்டாக எடுத்துக்கொள்ளும் வித்தை அவருக்குக் கடைசி வரை கைகூடவில்லை. அவர் மனசில் அது ஒரு விதியாகவே ஏறி உட்கார்ந்துகொண்டது.

அவள் வந்தாள். ஆனால் அக்கரை வீட்டைக் காலி செய்யவில்லை. சாவி கைப்பையிலேயே இருந்தது. இவர் அதைக் கவனித்தார். பழைய சாமான் அறையில் வெள்ளித்தாள் போர்த்திய கூடாரம், அதற்குள் விளக்கு, ஒரு சின்ன ஃபேன், வாசனை வெளியே போகாமல் இழுக்கும் கரி வடிகட்டி. மூன்று தொட்டியில் 'எக்கார்ட்' என்று சீட்டு ஒட்டினார். நாலாவதில் 'ரோஸ்வீட்டா'.

தன்னுடைய மூன்றுக்கும் உரம் போட்டுப் போட்டு இலை நுனியைக் கருக வைத்தார். ரோஸ்வீட்டா தனக்கு ஞாபகம் வந்தபோது மட்டும் தன் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினாள். அவளுடையது நெடுநெடுவென்று வளர்ந்து விளக்கை இடித்தது.

"உன் பிள்ளைங்க ஏன் நோஞ்சானா இருக்கு தெரியுமா? நீ பக்கத்துலயே நின்னுக்கிட்டு மூச்சு விட விடமாட்டேங்கற. பிரேக்லேர்ந்து கால எடுய்யா."

காலைச் சாப்பாட்டு மேஜையில் அவர் தினமும் பாடம் நடத்தினார். விளக்கைப் பாதி நாள் எரியவிட்டுப் பாதி நாள் அணைத்தால், கோடை முடிந்துவிட்டது என்று ஏமாந்து செடி பூக்கும். கணுவில் வெள்ளை முடி வந்தால் பெண். குண்டு குண்டாக மொட்டுப் பை தொங்கினால் ஆண். ஆணை உடனே பிடுங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் மகரந்தம் பறந்து பெண் பூவெல்லாம் வெறும் விதையாகிவிடும், ஒன்றுக்கும் உதவாது. ரோஸ்வீட்டா ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே தலையாட்டினாள்.

விளக்கு நேரத்தைக் குறைத்தார். அவருடைய மூன்றிலும் வெள்ளை முடி எட்டிப் பார்த்தது. நாலாவதின் கணுவைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். குண்டு குண்டாக இரண்டு.

மறுநாள் 'ரோஸ்வீட்டா' தொட்டியைக் கூடாரத்தில் காணவில்லை.

"என் செடி எங்கய்யா?"

"அதுக்கு... கொஞ்சம் தனி இடம் வேணும். ரொம்ப உயரமாயிடுச்சு."

விருந்தாளிகளுக்கென்று இருந்த சின்னக் கழிப்பறைக்குப் பூட்டு விழுந்தது. குழாய் ரிப்பேர் என்றார். அது அவர் வாழ்க்கையில் சொன்ன முதல் பொய்யாகத்தான் இருக்க வேண்டும், அவ்வளவு மோசமாகச் சொன்னார். மேசை விளக்கு ஒன்றும் அங்கே குடிபோனது. தினமும் காலையில் மூக்குக் கண்ணாடியும் புருவம் பிடுங்கும் இடுக்கியுமாக உள்ளே போவார். கழிப்பறை மூடிமேல் உட்கார்ந்து, வெடிக்கப் பார்க்கும் மொட்டுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்து ஜாடியில் போடுவார். ஒன்றைப் பிய்த்தால் அடுத்த நாள் நாலு நிற்கும். வெளியே வந்ததும் சட்டையை மாற்றிக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் தன் செடிகளிடம் போவார். ஒரு தூள் ஒட்டினாலும் பட்ட பாடெல்லாம் வீண். அது அவருக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் பிடுங்க மனசு வரவில்லை. இதைப் பிடுங்கினால் அவள் போய்விடுவாளே!

இப்படியே சில வாரம் போயிற்று. ஒரு வியாழக்கிழமை ரோஸ்வீட்டா காலையிலேயே வெளியே போயிருந்தாள். எக்கார்ட் இடுக்கியும் கையுமாக உட்கார்ந்திருந்தபோது கதவு திறந்தது. அவசரத்தில் தாழ்ப்பாள் போட மறந்திருந்தார்.

அவள் செடியைப் பார்த்தாள். இடுக்கியைப் பார்த்தாள். ஜாடியைப் பார்த்தாள்.

"குழாய் ரிப்பேர் முடிஞ்சுதா?"

அவர் ஜாடியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"நீதானேய்யா தினமும் சொல்லிக் கொடுத்த? குண்டா தொங்கினா ஆம்பளைன்னு. கதவுக்குக் கீழ வெளிச்சம் அடிக்குது, நீ ஒரு நாளைக்கு நாலு சட்டை மாத்தற, எனக்குத் தெரியாதா? நீயா சொல்லுவேன்னு காத்துக்கிட்டிருந்தேன்."

உள்ளே வந்து, அடித்தண்டைப் பிடித்து ஒரே இழுப்பு. வேரோடு வந்தது. குப்பைப் பைக்குள் திணித்துக் கட்டிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் அவள் பின்னால் நடையில் நின்ற பெட்டி கண்ணில் பட்டது. அவளுடைய பெரிய பச்சைப் பெட்டி. மேலே கோட்டு.

"செடி போச்சு" என்றாள் ரோஸ்வீட்டா. "என்ன பேச்சு பேசிக்கிட்டோம்?"

அவர் எழுந்தார். வழக்கம்போலக் கை கோட்டை எடுத்தது. எடுத்த கை நீளவில்லை. கோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"போகாத."

"எந்தச் சட்டத்துல இருக்கு?"

"சட்டம் ஒண்ணும் இல்ல. மூணு செடிக்கு நான் ஒரு ஆளே போதும். ஆனா... செடிக்காக உன்னைக் கூப்பிடல, ரோஸ்வீட்டா. ஞாயித்துக்கிழமை நீ போனப்புறம் இந்த வீட்டுல எனக்கு இருக்கவே முடியறதில்ல. அன்னைக்கும் அப்படித்தான். இத்தன வருஷமாவே அப்படித்தான்."

"இன்னொரு தடவ சொல்லு. அந்த ஃபேன் சத்தத்துல சரியா கேக்கல."

சொன்னார். சொல்லிவிட்டு முகத்தைக் கோட்டுக்குள் புதைத்துக்கொண்டார்.

ரோஸ்வீட்டா குனிந்து பெட்டியின் மூடியைத் தூக்கினாள். குளிர்காலச் சட்டைகள், அக்கரை வீட்டுச் சமையலறைத் திரைச்சீலை, அவளுடைய கேக் அச்சு.

"காலையிலயே அந்த வீட்டைக் காலி பண்ணிச் சாவியக் கொடுத்துட்டுத்தான் வரேன். மாடிப்படி ஏத்தித் தர ஆள் தேடி, கடைசியில நானே தூக்கிட்டு வந்தா, ஆபீசர் கக்கூஸ்ல உக்காந்து பூப் பறிக்கிறாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியைக் காலால் தட்டினாள். "நட்ட நடு வழியில நிறுத்தியிருக்கேன். சீட்டு எழுதறியா, இல்ல உள்ள எடுத்து வைக்கிறியா?"

எக்கார்ட் பெட்டியை உள்ளே எடுத்து வைத்தார்.